வாசலில் நித்திய கல்யாணி இருக்கும்போது கீமோ எதற்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் ஆகிவிட்டது, முதல் கட்டக் கீமோவும் முடிந்துவிட்டது. இனி வாரத்துக்கு ஒன்றாக 12 வாரம் பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து போட வேண்டும் என்று கோவையில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தேடிப் பார்த்ததில் அந்த மருந்தே ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கிறது, லைன் வீட்டு வாசலில் பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணியிலிருந்தும் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்றும் படித்திருக்கிறீர்கள். போதாததற்குச் சொந்தக்காரர் ஒருவர் முள் சீத்தா இலையைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார். மருந்து செடியிலிருந்துதான் வருகிறது என்றால் செடியையே நேராகக் கொடுத்தால் என்ன என்பது கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், வாரா வாரம் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற அம்மாவால் முடியவில்லை என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் மருந்தாளுநர். பல வருஷமாகக் கீமோ மருந்து கலக்கும் அறையில்தான் வேலை. டாக்டர் இல்லை, அம்மாவின் ரிப்போர்ட்டையும் பார்த்ததில்லை. அதனால் மருந்துகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்வேன், அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், நீங்கள் படித்தது உண்மைதான். 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். வட கரோலினாவில் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் (மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர்) அதிலிருந்து பேக்லிடாக்சலைப் பிரித்தெடுத்து 1971இல் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழாய்கள் உருவாகி, வேலை முடிந்ததும் கலைய வேண்டும், இந்த மருந்து அவற்றைக் கலையவிடாமல் பிடித்துவைத்துவிடுகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். 1992 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும் 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பட்டையை எடுத்ததிலிருந்து எண்ணிப் பாருங்கள், 30 வருஷம்.

அந்த 30 வருஷம் எங்கே போயிற்று என்று கேட்டால், அதில் ஒரு பகுதி ஒரு சின்னத் தொல்லையோடு மல்லுக்கட்டியதுதான். பேக்லிடாக்சல் தண்ணீரில் கரையவே கரையாது. கஷாயம் வைத்தால் அது தண்ணீரில் பெரிதாக இறங்காது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆமணக்கெண்ணெயை வேதியியல் முறையில் மாற்றிச் செய்த ஒரு கரைப்பானிலும் சாராயத்திலும் கரைத்தார்கள். இன்றும் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தால் உள்ளே இருப்பது தண்ணீர் மாதிரி ஓடாது, கொழகொழவென்று சாயும், குலுக்கினால் நுரைக்கும். சாதாரண பிவிசி பையில் ஊற்றினால் பிளாஸ்டிக்கில் உள்ள பொருளைக் கரைத்து இழுத்துவிடும் என்பதால் அதற்கென்று கண்ணாடி பாட்டில் அல்லது வேறு வகைப் பை, வேறு வகைக் குழாய், நடுவில் ஒரு நுண் வடிகட்டி. அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும், அதனால்தான் டிரிப் ஏற்றுவதற்கு முன் அம்மாவுக்கு ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போடுவார்கள். (அலர்ஜி ஊசி தூக்கத்தைக் கொடுக்கும், திரும்பி வரும் பஸ்ஸில் அவரைத் தனியாக ஏற்றிவிடாதீர்கள்.) யூ மரமே நஞ்சு மரம், அதன் இலையைத் தின்ற மாடும் குதிரையும் இதயம் நின்று சாகும். அந்த நஞ்சு வேறு சரக்கு, அதையும் பேக்லிடாக்சலையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்தால்தான் மருந்து கிடைக்கிறது.

நித்திய கல்யாணிக்கு வருகிறேன். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இது நம் ஊர்ச் செடியே இல்லை, மடகாஸ்கர் தீவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அதனால் சித்தர்கள் அன்றே புற்றுக்கு இதைச் சொல்லிவிட்டார்கள் என்று யாராவது அனுப்பினால் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். பல நாடுகளில் சர்க்கரை நோய்க்குத்தான் இதன் இலையைத் தேநீராகக் குடித்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் 25 இலைகளைக் கனடாவுக்குத் தபாலில் அனுப்ப, மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதை எலிகளில் சோதித்தார். வாய் வழியாகக் கொடுத்தபோது சர்க்கரையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் சில நாளில் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால் ரத்த வெள்ளையணு அடியோடு குறைந்திருந்தது. வெள்ளையணுவை இப்படிக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுக்கு உதவுமா என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. நோபிளும் அவரோடு ஆய்வு செய்த சார்லஸ் பீரும் அந்தச் செடியிலிருந்து எடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்தை 1958இல் அறிவித்தார்கள், அதே செடியின் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையில் உங்களுக்கு வேண்டிய பதில் பாதி இருக்கிறது. அதே செடிதான், வாயில் கொடுத்தால் ஒன்றுமில்லை, ரத்தத்தில் போனால் உயிரே போகிறது. அந்தச் செடியில் ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருள்கள் 130க்கும் மேல் இருக்கின்றன. வின்கிரிஸ்டின் அதில் இருப்பதோ மிக மிகக் கொஞ்சம், ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். மறுபக்கம், ஒரு பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்கு ஏற்றுவது வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. தாண்டினால் கால் மரத்து, பாதம் தொங்கி, குடல் அசையாமல் நின்றுவிடும். நாங்கள் இதைக் கலக்கும்போது ஒருவர் அளப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார், பையின் மேல் 'நரம்பு (ரத்தக்குழாய்) வழியாக மட்டும், வேறு வழியில் செலுத்தினால் மரணம்' என்று லேபிள் ஒட்டுவோம். தவறி முதுகுத் தண்டில் ஏற்றப்பட்டு உயிர்கள் போயிருக்கின்றன என்பதால் அந்த லேபிள். இவ்வளவு மெல்லிய கோட்டில் நடக்கும் மருந்துக்குக் 'கைப்பிடி இலை, ரெண்டு டம்ளர் தண்ணீர்' என்பது அளவே இல்லை. எந்தச் செடி, எந்த மாதம் பறித்தது, எவ்வளவு காய்ந்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. வின்கிரிஸ்டின் முக்கியமாக ரத்தப் புற்றுக்கும் நிணநீர்க் கணுப் புற்றுக்கும் போடும் மருந்து. ஆபரேஷன் முடிந்த மார்பகப் புற்றுக்கு வழக்கமாகப் போடும் மருந்துகளில் அது இல்லை. எனவே இலையிலிருந்து முழு மருந்தும் எப்படியோ உடலுக்குள் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அம்மாவின் நோய்க்கு அது தேவையான மருந்து இல்லை. புற்றுநோய் என்று ஒற்றைப் பெயர் வைத்திருக்கிறோமே தவிர, உள்ளே போய்ப் பார்த்தால் நூறு நோய்.

மற்றச் செடிகளின் கதையும் இப்படித்தான். இமயமலையில் வளரும் மலை மேஆப்பிள் என்ற செடியின் வேரில் போடோஃபில்லோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. அதை அப்படியே கொடுத்தால் தாங்க முடியாத நஞ்சு. ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறை மாற்றியபோது கிடைத்த எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து செல்லுக்குள் வேலை செய்யும் இடமே வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு சிறு மரத்திலும் கிடைக்கும் கேம்ப்டோதெசினுக்கும் இதே கதிதான். 1966இல் கண்டுபிடித்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சிறுநீர்ப்பையில் ரத்தம் கொட்டியதால் நிறுத்திவிட்டார்கள். அதை மாற்றிச் செய்த டோபோடெகான், இரினோடெகான் என்ற மருந்துகள் 1996இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 1960க்கும் 1982க்கும் நடுவில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுமார் 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. அதிலிருந்து ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. செடிகளை யாரும் ஒதுக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், வலைபோட்டுத் தேடினார்கள்.

இனி சந்தேகத்துக்குரிய பக்கம். முள் சீத்தா இலையின் சாறு ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்பது சரிதான். கிண்ணத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் அவை சாகும். மனித உடலில், சகிக்கக்கூடிய அளவில், நல்ல செல்லை விட்டுவிட்டுக் கொல்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு 'ஆம்' என்று காட்டிய முறையான பெரிய மனித ஆய்வு முள் சீத்தாவுக்கு இல்லை. மாறாக ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில் பார்க்கின்சன் மாதிரியான, ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நடுக்க நோய் அதிகமாக இருப்பதையும், அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நிறைய எடுத்துக்கொண்டதையும் 1999இல் எழுதினார்கள். இதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் எலிகளின் மூளை நரம்புகளைச் சேதப்படுத்துவதும் பின்னால் தெரிந்தது. அதுதான் காரணம் என்று முழுசாக நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு பழம் தின்பதும் தினமும் இலையைக் காய்ச்சிக் குடிப்பதும் வேறு வேறு. ஆனால் பயன் நிரூபணமாகாத, தீங்குக்குச் சந்தேகம் உள்ள ஒன்றை, கீமோவில் ஏற்கெனவே நரம்பு பாதிக்கப்படப் போகும் ஒருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மஞ்சளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் ரத்தத்தில் சேருவதே அபூர்வம், குடலிலேயே பெரும்பாலும் சிதைந்து போகிறது. ஆர்மீனியாவில் பேக்லிடாக்சலோடு குர்குமினையும் சேர்த்துக் கொடுத்து, முற்றிய மார்பகப் புற்றில் கட்டி கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கியது என்று 2020இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. கவனியுங்கள், அங்கே குர்குமினை நரம்பில் ஏற்றினார்கள், பேக்லிடாக்சலை நிறுத்தவும் இல்லை. இது இன்னும் பெரிய அளவில் உறுதியாக வேண்டிய விஷயம், தூக்கி எறிய வேண்டிய விஷயமில்லை. ரசத்தில், குழம்பில், பாலில் போடும் மஞ்சளால் ஒரு பயமும் இல்லை. ஆனால் மிளகுச் சத்து சேர்த்து அடர்த்தியாக விற்கும் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. பேக்லிடாக்சலை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். கல்லீரல் சோர்ந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும், அதே டோஸ் அதிக டோஸாகிவிடும். எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குத் தரும் போர்டிசோமிப் என்ற மருந்தை கிரீன் டீயில் உள்ள ஒரு சத்து நேராகப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பதை ஆய்வுக்கூடத்திலும் எலியிலும் காட்டியிருக்கிறார்கள். செடிதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி டீ குடிக்கலாமா என்றால் தாராளமாக. குமட்டலுக்குச் சிலருக்கு ஆறுதல் தருகிறது, ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, டாக்டர் தரும் வாந்தி மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

'ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே' என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பரவாத நிலையில் இருந்த புற்றுக்கு வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் 2.5 மடங்கு, மார்பகப் புற்றில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல். அதே வருஷம் அதே குழு இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களைப் பார்த்தபோதும் அபாயம் சுமார் 2 மடங்கு இருந்தது. காரணம் கஷாயத்தின் விஷம் என்று அவர்கள் சொல்லவில்லை. சேர்த்து எடுத்தவர்களில் அதிகம் பேர் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று ஏதோ ஒன்றை மறுத்து நின்றுவிடுகிறார்கள். இது ஒரு நாட்டின் பழைய பதிவேடுகளை வைத்துச் செய்தது, நம் ஊருக்கு அந்த எண் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் நின்றுவிடுகிறார்கள் என்ற பகுதியை நான் கீமோ அறையின் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்கிறேன். பேர் எழுதி, மருந்து கணக்குப் போட்டு வைத்திருப்போம், ஆள் வரமாட்டார்.

அவர்கள் ஏன் வரவில்லை என்று பின்னால் விசாரித்தால், கஷாயத்தின் மேல் உள்ள நம்பிக்கை அதில் ஒரு துண்டுதான். பஸ் செலவு, கூட வரும் மகனுக்குப் போகும் கூலி, ராத்திரி தங்க இடமில்லாமை, இதெல்லாம் சேர்ந்து ஆளை உட்கார்த்திவிட்ட பிறகு கஷாயம் ஒரு கௌரவமான காரணமாக வருகிறது. உங்கள் கடைசி வரியை நான் அப்படித்தான் படித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் பயணத்தைப் பற்றிப் பேசுவோம். வாராந்திரப் பேக்லிடாக்சல் காரணமில்லாமல் வந்த வழக்கம் இல்லை. 2008இல் வெளியான, கிட்டத்தட்ட 5,000 பெண்கள் சேர்ந்த அமெரிக்க ஆய்வில், முதல் கட்டக் கீமோவுக்குப் பிறகு நான்கு முறைகளை ஒப்பிட்டார்கள். 3 வாரத்துக்கு ஒரு முறை பேக்லிடாக்சல் போட்டதைவிட வாராவாரம் போட்டது நல்ல பலன் தந்தது. 3 வாரத்துக்கு ஒரு முறை டோசிடாக்சல் (இதுவும் யூ மர வகைதான், ஊசியிலையிலிருந்து தொடங்கிச் செய்வது) போட்டபோதும் நோய் திரும்பி வருவது குறைந்தது. அதாவது 12 பயணத்துக்குப் பதில் 4 பயணம் என்று ஒரு வழி மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: 'நாங்கள் வால்பாறையில் இருக்கிறோம், வாராவாரம் வர முடியாமல் இடையில் நின்றுவிடும் பயம் இருக்கிறது, டோசிடாக்சல் அம்மாவுக்குச் சரிவருமா?' அவர் வேண்டாம் என்று சொல்லவும் நியாயமான காரணங்கள் இருக்கலாம். இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் ஆக மூன்றும் இல்லாத வகைக் கட்டி என்றால் வாராந்திரப் பேக்லிடாக்சலின் பக்கம்தான் தராசு சாய்கிறது. வயது, சர்க்கரை, கல்லீரல் எல்லாம் கணக்கில் வரும்.

டோசிடாக்சலுக்கு வேறு ஒரு விலை இருக்கிறது, அதை மலையில் இருப்பவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். வெள்ளையணுவை அது அதிகமாகக் குறைக்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம், ஆஸ்பத்திரியை அடைந்த 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதைத் தடுக்க மறுநாள் ஒரு ஊசி எழுதுவார்கள், வெள்ளையணுவை ஏற்றும் ஊசி. பெரும்பாலும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போய் மணிக்கணக்காக வராத ஊரில் இந்த எழுத்து எவ்வளவு சிக்கல் என்று நகரத்து டாக்டருக்குத் தோன்றாமலே போகலாம். ஐஸ் ஜெல் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள், ஊசி ஐஸை நேராகத் தொடாமல் நடுவில் துணி வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜை நம்ப முடியாவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் இருக்கும், அங்கே முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கென்று கரண்ட் போனாலும் குளிர் காக்கும் பெட்டி உண்டு, ஆனால் அதில் வேறு மருந்து வைக்க விதி இடம் தராது, நர்ஸ் மறுத்தால் அவரைக் கோபித்துப் பயனில்லை. உங்கள் கம்பெனி ஊசி வெளி வெப்பத்தில் எத்தனை மணி தாங்கும் என்பது அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், வாங்கும்போதே மருந்தாளுநரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

வாராந்திரப் பேக்லிடாக்சல்தான் என்றால், கோவை வரை போகத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். அந்தக் குப்பிக்கு ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும். மலை மேல் அதைப் போட முடியாததற்குக் காரணம் மருந்து அல்ல. கலக்கும் பாதுகாப்புப் பெட்டி, பயிற்சி பெற்ற நர்ஸ், ஒவ்வாமை வந்தால் சமாளிக்க டாக்டர், அன்றைக்கே ரத்த எண்ணிக்கை பார்க்கும் லேப், இவை ஒரே இடத்தில் வேண்டும். கேரளத்தில் 2020 ஊரடங்கின்போது பெரிய மையத்தில் திட்டம் போட்டு, கீமோவை உள்ளூர் அரசு மருத்துவமனைகளில் ஏற்றினார்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் 3 ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம், முதல் ஆண்டில் 200, என்று அறிவித்தார்கள். பொள்ளாச்சி உங்களுக்கு 64 கிலோமீட்டர், கோவை 100க்கும் மேல். முதல் இரண்டு டோஸ் கோவையில் ஒவ்வாமை இல்லாமல் முடிந்தால் மீதியைப் பொள்ளாச்சியில் போட ஏற்பாடு உண்டா என்று கேட்பதில் தப்பே இல்லை. பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவும் கதிர்வீச்சும் அடக்கம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் பஸ் செலவையும் போன கூலியையும் அந்த அட்டை தராது, அதுதான் ஓட்டை.

மருந்து கம்பெனிகள் செடியை மறைக்கின்றன என்று உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சுட்டும் இடம் வேறு. அமெரிக்க அரசுப் பணத்தில் கண்டுபிடித்த பேக்லிடாக்சலைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் 1991இல் ஒப்படைத்து, அது வைத்த விலையைப் பார்த்து அந்த நாட்டு நாடாளுமன்றத்திலேயே சண்டை நடந்தது. இன்று அது இந்தியாவில் பல கம்பெனிகள் செய்யும், விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மரங்கள் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. இமயமலை யூவை அளவில்லாமல் வெட்டியதால் 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே கட்டுப்பாடு. அந்த மரம் வளரும் மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு இந்த நோய் வந்தால் அவரும் உங்கள் அம்மாவைப் போல இறங்கித்தான் வர வேண்டும். நித்திய கல்யாணியும் அப்படித்தான். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைந்து இலையும் வேருமாக வெளிநாடு போகிறது. அதிலிருந்து வரும் மலிவான வின்கிரிஸ்டின் உள்ளிட்ட பழைய மருந்துகள், ஆபரேஷன், கதிர்வீச்சு ஆகியவற்றை வைத்தே பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். செடி எல்லா இடத்திலும் ஒன்றுதான். நேரத்தில் கண்டுபிடிப்பதும், முழு டோஸும் முடியும்வரை வர முடிவதும்தான் மாறுகிறது.

அடுத்த முறை போகும்போது அம்மா இப்போது வாயில் போடும் எல்லாவற்றையும், கஷாயப் பொடி, லேகியம், சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாம், ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரின் மேஜையில் வையுங்கள். திட்டினால் திட்டட்டும். கல்லீரல் பரிசோதனை எண் ஏறினால் எதனால் என்று அவர் தேடுவதற்கு அது ஒன்றுதான் வழி.

கடைசியாக, பேக்லிடாக்சல் நாலைந்து டோஸ் ஆன பிறகு விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகத் தொடங்கலாம். எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும், சட்டைப் பட்டன் போட வராது. அம்மா கொழுந்து பறிக்கிறவர், விரல் உணர்ச்சிதான் அவருடைய பிழைப்பு. பல பெண்கள், டாக்டர் சிகிச்சையை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து இதை மறைப்பார்கள். ஆரம்பத்திலேயே சொன்னால் டோஸைக் குறைக்கவோ ஒரு வாரம் தள்ளிப்போடவோ முடியும், முற்றிய பிறகு சொன்னால் அந்த மரப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் பட்டன் போட முடிகிறதா, வெறுங்காலில் நடந்தால் தரை தெரிகிறதா என்று நீங்களே கேட்டு, பதிலை டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகச் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள்.